கடைசியில் வருபவருக்கும் ஓர் இடம்

விடியற்காலை. நகரத்துப் பூங்கா ஒன்றின் வாயிலில் ஒருவர் நிற்கிறார். வயது நாற்பதைக் கடந்துவிட்டது. காலில் புதிதாக வாங்கிய காலணி. உள்ளே பத்துப் பதினைந்து பேர் ஓடுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வூர் ஓட்டக் கழகத்தில் இன்று சேர்ந்துவிடுவது என்று உறுதி செய்துகொண்டுதான் அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். ஆயினும் வாயிலருகே வந்ததும் கால் தயங்குகிறது. பள்ளிக்கூடத்தை விட்ட நாள்முதல் ஓடியறியாத நமக்கு இது எதற்கு? எல்லோருக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் நாலு பேர் நகைக்கமாட்டார்களா?

நேயர்களே, இந்தத் தயக்கம் காரணமற்றது என்று சொல்வதற்கில்லை. ஓட்டக் கழகத்தின் கதவு நெடுங்காலம் இத்தகையவர்களுக்கு அடைபட்டே கிடந்தது. அது எவ்வாறு திறந்தது என்பதையே இன்று காண்போம்.

இக்கழகங்களின் தொடக்கத்தைத் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தை அடைவோம். 1868ஆம் ஆண்டில், தேம்ஸ் நதியில் படகு வலித்து வந்த சிலர், குளிர்காலத்துக்கு ஏற்ற உடற்பயிற்சியை நாடி, நாட்டுப்புற வெளிகளில் ஓடுவதற்காக ஒரு சங்கம் கண்டனர். ‘தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ்’ என்பது அதன் பெயர். வெளிநில ஓட்டத்திற்கென அமைந்த சங்கங்களுள் இதுவே மிகப் பழமையானது என்பர். ஓட்டம் அக்காலத்தில் கனவான்களின் பொழுதுபோக்கு. 1866இல் லண்டனில் தோன்றிய அமெச்சூர் தடகளக் கழகம், கம்மியர், கைவினைஞர், கூலித் தொழிலாளர் ஆகியோரைத் தன் பந்தயங்களில் சேர்க்கவில்லை. உடலால் உழைத்துப் பிழைப்பவன் கனவானோடு ஒரே கோட்டில் நிற்கலாகாது என்பது அவர்கள் கருத்து. 1880இல் அமெச்சூர் தடகளச் சங்கம் நிறுவப்பட்டபோதுதான் அந்தத் தடை நீங்கியது.

பிறப்பால் வந்த தடை போயிற்று. திறமையால் வந்த தடை நின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் கழகம் என்பது வேகமாக ஓடும் இளைஞர்களுக்கே உரியதாக இருந்தது. நடுவயதினர் தெருவில் ஓடினால் ஊரார் வியப்போடு நோக்கினர். இருதய நோய் கண்டவருக்கோ, வாரக்கணக்கில் படுக்கையில் அசையாது கிடக்கவேண்டும் என்பதே மருத்துவம் விதித்த விதி.

இந்தக் கருத்தை அசைத்த ஆராய்ச்சி ஒன்று 1953ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் லண்டன் நகரத்து மாடிப் பஸ்களில் பணிபுரிந்தவர்களை ஆராய்ந்தனர். பஸ் ஒன்றுதான், பாதை ஒன்றுதான். ஆனால் ஓட்டுநர் நாளெல்லாம் அமர்ந்திருப்பவர். நடத்துநர் சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குபவர். இருவரில் ஓட்டுநரையே இருதய நோய் மிகுதியாகத் தாக்கியது. உடலை அசைப்பது இருதயத்திற்குக் காவல் என்ற எண்ணம் அறிஞரிடையே வேரூன்றத் தொடங்கியது.

அதை ஓட்டக் கழகமாக உருவாக்கியவர் நியூஸிலாந்து நாட்டு ஆக்லாந்து நகரைச் சேர்ந்த ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருபத்தேழு வயதளவில், தம்மினும் மூத்த நண்பர் ஒருவரோடு ஐந்து மைல் ஓடச் சென்று, திரும்பி வருவதற்குள் துவண்டு போனார். இப்பொழுதே இந்த நிலை என்றால் இன்னும் இருபது ஆண்டு கழித்து நம் கதி என்னாகும் என்ற கேள்வி அவரை வாட்டியது. தம் உடலையே சோதனைச் சாலையாக்கி, வாரத்திற்கு நூறு மைலுக்கு மேலும் ஓடிப் பார்த்து, ஒரு பயிற்சி முறையைக் கண்டறிந்தார். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களாகிய பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும், மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும், ஒரே நாள் மாலையில் தங்கப் பதக்கம் வென்றனர்.

உலகம் புகழ்ந்தது அந்தப் பதக்கங்களை. ஆனால் நம் வரலாற்றுக்கு வேண்டியது அதன்பின் நிகழ்ந்தது. உடல் தளர்ந்தவர்களும் இருதய நோயில் அடிபட்டவர்களுமாக ஆக்லாந்து வணிகர் சிலர் அவரிடம் வந்தனர். வீரர்களுக்குச் சொன்னதையே அவர் இவர்களுக்கும் அளவு குறைத்துச் சொன்னார்: உடலை வருத்தாதீர்கள், பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் ஓடுங்கள், பேச முடியாமல் மூச்சுத் திணறினால் நடங்கள். 1962இல் ஆக்லாந்து மெல்லோட்டக் கழகம் பிறந்தது. பிற்காலத்தில் அந்நகரின் மேயராக விளங்கிய கொலின் கே அதற்கு முன்னின்றவர்களுள் ஒருவர். போட்டியில்லை, பரிசில்லை, வேகத்தைக் கேட்பாருமில்லை. பேச்சையே அளவுகோலாகக் கொண்ட அந்த எளிய விதிதான் கதவின் திறவுகோல் ஆயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் தம் மாணவர்களோடு நியூஸிலாந்து சென்றார். ஐம்பதைக் கடந்தவர், ஓட்டக்காரர்களை உருவாக்குவதில் பெயர் பெற்றவர், தாம் ஓடுவதை விட்டுப் பல்லாண்டு ஆனவர். லிடியார்ட் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழகத்தாருடன் ஓட அழைத்தார். அரை மைல் போவதற்குள் பெரும் பயிற்சியாளருக்கு மூச்சு முட்டியது. எழுபது வயது தாண்டிய முதியவர் ஒருவர், முன்பு இருதய நோயில் அடிபட்டுப் பிழைத்தவர், அவருக்காகப் பின்தங்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே உடன் ஓடினார். ஊருக்கெல்லாம் ஓட்டம் கற்பித்தவர் அன்று தொடக்கக்காரராக நின்றார்.

அந்த நாணம் வீண்போகவில்லை. யூஜீன் நகருக்குத் திரும்பிய பௌவர்மன், 1963இன் தொடக்கத்தில் ஊர்மக்களைப் பல்கலைக்கழக ஓட்டக் களத்திற்கு அழைத்தார். முதலில் வந்தோர் சிலரே. சில வாரங்களில் கூட்டம் ஆயிரக்கணக்காகப் பெருகிற்று. பயிற்சியற்ற எவரேனும் மயங்கி விழுந்துவிடுவரோ என்று அஞ்சிய அவர் கூட்டத்தை நிறுத்தி, இருதய மருத்துவர் ஹாரிஸ் என்பாருடன் சேர்ந்து, சிறு குழுக்களைக் கொண்டு முறையாக ஆராய்ந்தார். அதன் பயனாக 1967இல் மெல்லோட்டம் பற்றிய நூல் ஒன்று வெளிவந்து பெருவாரியாக விற்றது.

பெண்களுக்கு அக்கதவு இன்னும் தாமதித்தே திறந்தது. 1928ஆம் ஆண்டு ஒலிம்பிக்குக்குப் பின், 800 மீட்டர் தூரம் பெண்களின் வலிமைக்கு மிஞ்சியது என்று கூறி, 1960 வரையில் அதை நீக்கி வைத்திருந்தனர். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் எண் பெற்று ஓடிய காதரின் ஸ்விட்சரின் எண் அட்டையை அதிகாரி ஒருவர் ஓட்டத்தின் நடுவிலேயே பறிக்க முயன்றார். அவர் அஞ்சாது ஓடி முடித்தார். 1972இல் பாஸ்டன் பெண்களை முறையாக ஏற்றது. 1984இல் ஒலிம்பிக் மாரத்தானும் அவர்களுக்குக் கிட்டியது.

2004ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனிலுள்ள புஷி பூங்காவில் பதின்மூன்று பேர் ஐந்து கிலோமீட்டர் ஓடினர். கட்டணம் இல்லை. அதுவே ‘பார்க்ரன்’ என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. அங்கே ஓர் அழகிய வழக்கம் உண்டு. தொண்டர் ஒருவர் எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். ஆகவே புதிதாக வந்த எவரும் கடைசி ஆவதில்லை. அதே 2004இல் நம் நாட்டில் மும்பை மாரத்தான் தொடங்கியது. அதன்பின் நம் பெருநகரங்களில் ஓட்டக் குழுக்கள் பல்கின.

இனி, பூங்கா வாயிலில் நிற்கும் நம் நண்பரிடம் திரும்புவோம். நெஞ்சு வலியோ வேறு நோயோ உள்ளவராயின் அவர் முதலில் மருத்துவரைக் காணட்டும். நம் நாட்டு வெயிலுக்கு விடியற்காலையே உகந்தது. சிறிது நடப்பதும் சிறிது ஓடுவதுமாக மாறி மாறிச் செல்லட்டும். அடுத்தவரோடு பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

நாணம் வந்தால் பௌவர்மனை நினைக்கட்டும். அன்று அந்த முதியவர் பின்தங்கியதால் ஓர் இயக்கமே முன்னேறியது. இன்று நமக்காக ஒருவர் மெல்ல ஓடுவார். நாளை வேறொருவருக்காக நாம் மெல்ல ஓடுவோம். கழகம் என்ற சொல்லுக்குப் பொருள் இதுவே.