கால்-கை வலிப்பும் பார்வைக் கோளாறுகளும்

கால்-கை வலிப்பு உடையோரிடம் காணப்படும் பார்வைக் கோளாறுகள் என்பன, வலிப்பினாலோ, வலிப்புக்குக் காரணமான மூளைப் பாதிப்பினாலோ, வலிப்புக்காக உட்கொள்ளும் மருந்துகளினாலோ பார்வையில் ஏற்படும் மாற்றங்கள் ஆகும். வண்ணப் புள்ளிகள் தோன்றுதல், சிறிது நேரம் கண் தெரியாமல் போதல், ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், பார்வைப் புலம் சுருங்குதல் முதலியன இவற்றுள் அடங்கும். இவற்றுள் பல தற்காலிகமானவை. சில மீளாத பார்வை இழப்பில் முடியக்கூடியவை. எனவே கோளாறு மேற்கூறிய மூன்று காரணங்களுள் எதனால் வந்தது என்று பிரித்தறிவது மருத்துவத்தின் முதற்படியாகும். தமிழ்நாட்டில் நாடாப்புழுத் தொற்று வலிப்புக்கு ஒரு முக்கிய காரணமாக இருப்பதால், திண்டுக்கல் போன்ற உள்மாவட்டங்களில் வாழ்வோருக்கும் இந்த வேறுபாடு இன்றியமையாதது.

பார்வையும் மூளையும்

ஒளியை உணர்வது கண்ணின் விழித்திரை. அதனைக் காட்சியாக அறிவது மூளையின் பின்புறத்தில் உள்ள பிடரி மடல். வலப்பக்கப் பிடரி மடல் பார்வைப் புலத்தின் இடப்பாதியையும், இடப்பக்கப் பிடரி மடல் வலப்பாதியையும் அறிகின்றது. இப்பகுதியின் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் மிகையாக மின்னேற்றம் அடைந்தால், கண் முழு நலத்துடன் இருந்தாலும் இல்லாத ஒன்று கண்முன் தெரியும். கண் பரிசோதனையில் குறை எதுவும் தென்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

வலிப்பின்போது தோன்றும் கோளாறுகள்

பிடரி மடலில் தொடங்கும் வலிப்பில் பெரும்பாலும் சிறிய, பல வண்ண வட்டப் புள்ளிகள் பார்வைப் புலத்தின் ஒரு பக்கத்தில் தோன்றும். அவை பெருகலாம், பெரிதாகலாம், நகரலாம். பொதுவாகச் சில நொடிகள் முதல் இரண்டு மூன்று நிமிடங்கள் வரை நீடிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வடிவில் தோன்றுவது இதன் சிறப்பியல்பு. சிலருக்கு வலிப்பின்போதோ அதன் பின்னரோ பார்வை முழுவதும் இருண்டு போகும். கண்கள் ஒரு பக்கம் திரும்புதலும் இமைகள் படபடத்தலும் உண்டு. மின்னேற்றம் கன்னப்பொட்டு மடலுக்குப் பரவினால் மனித உருவங்கள், முகங்கள், பழைய காட்சிகள் போன்ற சிக்கலான மாயக்காட்சிகள் தோன்றலாம்.

ஊர்ப்புறங்களில் இத்தகைய காட்சிகளைப் பேய் அல்லது தெய்வத்தின் செயல் எனக் கருதும் வழக்கம் உண்டு. கேலிக்கு அஞ்சிக் குழந்தைகள் தாம் கண்டதைச் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. உடல் வெட்டி இழுக்கும் பெருவலிப்பு வரும் வரை நோய் அறியப்படாமல் போவதற்கு இது வழி வகுக்கின்றது. பள்ளிப் பருவத்தில், பெரும்பாலும் 8 அல்லது 9 வயதை ஒட்டித் தொடங்கும் பிடரி மடல் வலிப்பு வகை ஒன்றை ஆன்றி கஸ்தோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1982 இல் விவரித்தார்.

ஒற்றைத் தலைவலியிலிருந்து வேறுபாடு

பிடரி மடல் வலிப்புக்குப் பின் தலைவலியும் வாந்தியும் வருவது இயல்பு. ஆகையால் இது ஒற்றைத் தலைவலி எனத் தவறாகக் கருதப்பட்டு, பல ஆண்டுகள் தக்க மருந்தின்றிக் கழிவது உண்டு. பனாயியோடோபூலோஸ் என்னும் மருத்துவர் 1990களில் வெளியிட்ட ஆய்வுகள் இவ்விரண்டையும் பிரித்தறியப் பெரிதும் உதவின.

- வடிவம்: வலிப்பில் வட்டங்களும் புள்ளிகளும், ஒற்றைத் தலைவலியில் கோட்டை மதில் போன்ற வளைந்து நெளிந்த கோடுகள்.
- நிறம்: வலிப்பில் பல வண்ணங்கள், ஒற்றைத் தலைவலியில் பெரும்பாலும் வெண்மை அல்லது கறுப்பு-வெள்ளை.
- காலம்: வலிப்பில் நொடிகள் அல்லது ஓரிரு நிமிடங்கள், ஒற்றைத் தலைவலியில் மெல்ல வளர்ந்து 5 முதல் 60 நிமிடங்கள்.
- நிகழ்வு: வலிப்பில் நாள்தோறும்கூட வரலாம், ஒற்றைத் தலைவலியில் நாள்தோறும் வருவது அரிது.

நோயாளி தாம் கண்டதை வண்ணத்துடன் வரைந்து காட்டுவது மருத்துவருக்கு மிகவும் பயனுள்ளது. ஈ.ஈ.ஜி. எனப்படும் மூளை மின்னலைப் பதிவும் எம்.ஆர்.ஐ. படமும் முடிவை உறுதி செய்ய உதவும்.

ஒளியால் தூண்டப்படும் வலிப்பு

கால்-கை வலிப்பு உடையோரில் ஒரு சிறு பகுதியினருக்கே, ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு, மின்னி மறையும் ஒளி வலிப்பைத் தூண்டுகின்றது. இளம் பருவத்தினரிடம் இது கூடுதலாகக் காணப்படும். நொடிக்கு 15 முதல் 25 முறை வரை மின்னும் ஒளி மிகவும் தூண்டவல்லது. திசம்பர் 16, 1997 அன்று சப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விரைவாக மாறி மாறி மின்னியதால் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பலருக்கு அதற்கு முன் வலிப்பு வந்ததே இல்லை.

தொலைக்காட்சி மட்டுமன்றி இயற்கை ஒளியும் இவ்வாறு செயற்படலாம். வரிசையாக நிற்கும் மரங்களின் ஊடே வண்டியில் விரைந்து செல்லும்போது வெயிலும் நிழலும் மாறி மாறிக் கண்ணில் படுவது இதற்கு எடுத்துக்காட்டு. திண்டுக்கல் சமவெளியின் தென்னந்தோப்புச் சாலைகளிலும் இத்தகைய ஒளி உண்டு. அப்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடிக்கொண்டு ஒளியிலிருந்து முகத்தைத் திருப்புவது தூண்டலைக் குறைக்கும்.

நாடாப்புழு நீர்க்கட்டி

பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் மனிதர் உடலுக்குள் சென்றால், அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் மூளையில் நீர்க்கட்டிகளாகத் தங்குகின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வு, வலிப்பு உடையோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் இத்தொற்று காரணமாக இருப்பதைக் காட்டியது.

புலால் உண்ணாதோருக்கும் இந்நோய் வரும். குடலில் நாடாப்புழு உள்ள ஒருவரின் மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை, நீர், பச்சைக் காய்கறி ஆகியவற்றின் வழியாகப் பிறருக்குப் பரவுகின்றன. கழிப்பறைப் பயன்பாடு, கை கழுவுதல், காய்கறிகளை நன்கு கழுவுதல் ஆகியன தடுப்பு முறைகள்.

கட்டி பிடரி மடலில் அமைந்தால் வலிப்பு வண்ணக் காட்சிகளுடன் தொடங்கலாம். கட்டிகள் பலவாக இருந்து மூளையில் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு வீங்கிப் பார்வை மங்கலாம். இளம்புழு கண்ணுக்குள்ளேயே தங்குவதும் உண்டு. இந்நிலையில் புழுக்கொல்லி மருந்து கொடுத்தால், புழு இறக்கும்போது எழும் அழற்சி கண்ணின் பார்வையையே போக்கிவிடக்கூடும். ஆகவே அல்பெண்டசோல் போன்ற மருந்துகளைத் தொடங்கும் முன் விழித்திரையைப் பரிசோதித்தல் கட்டாயமாகக் கருதப்படுகின்றது.

மருந்துகளால் வரும் கோளாறுகள்

- கார்பமாசெபைன், லாமோட்ரிஜின்: இரட்டைப் பார்வை, மங்கல். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் நீங்கும்.
- பெனிட்டோயின்: அளவு மிகும்போது கண்கள் தாமாக ஆடுதல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம்.
- டோபிராமேட்: அரிதாக, பெரும்பாலும் முதல் மாதத்திற்குள், கண்வலி, சிவப்பு, திடீர் மங்கல். கண்ணின் நீரழுத்தம் உயர்வதால் வரும் இந்நிலைக்கு அன்றே மருத்துவம் தேவை.
- விகபாட்ரின்: பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்குதல். இது மீளாதது. 1997 இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது.

விகபாட்ரினால் வரும் இழப்பில் நடுப்பார்வை கெடுவதில்லை. எழுத்துகளைப் படிக்க முடிவதால் நோயாளி இழப்பை உணர்வதில்லை. பக்கவாட்டில் வரும் வண்டியைக் காணாதபோதுதான் அது தெரியவரும். எனவே மருந்தைத் தொடங்கும்போதும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் பார்வைப் புலச் சோதனை செய்யப்படுகின்றது. எனினும் இளங்குழந்தைகளின் கடும் வலிப்பு வகைகளில் இம்மருந்து சிறந்த பயன் தருவதால், நன்மையும் தீங்கும் சீர்தூக்கிப் பார்க்கப்பட்டு வழங்கப்படுகின்றது.

எந்த வலிப்பு மருந்தையும் தாமாகத் திடீரென நிறுத்துதல் கூடாது. அவ்வாறு நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே இடர் நேரலாம்.

திண்டுக்கல் பகுதியில்

திண்டுக்கல் மாவட்டம் 1985 இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. உயர் மருத்துவத்திற்கு மதுரைக்குச் செல்வது இப்பகுதி மக்களின் நெடுநாள் வழக்கம். அங்கு அரசு இராசாசி மருத்துவமனையும், கோ. வெங்கடசாமி 1976 இல் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையும் உள்ளன. திண்டுக்கல்லில் அரவிந்த் மருத்துவமனையின் கிளையும், 2022 இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. கண் மருத்துவரிடம் செல்பவர் தமக்குள்ள வலிப்பையும், உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் கூறுதல் வேண்டும். வலிப்பு மருத்துவரிடம் பார்வை மாற்றத்தைக் கூறுதல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே பார்த்தால் மட்டுமே காரணம் விளங்கும்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் வலிப்பு வந்தவர் கையில் சாவியையோ வேறு இரும்பையோ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்கின்றன. அதனால்தான் இரும்பு பயன் தந்ததாகத் தோன்றுகின்றது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு மெத்தென்ற துணி வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் காத்திருப்பதே முதலுதவி. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

வண்ணப் புள்ளிகளை வலிப்பின் முன்னறிகுறியாக உணர்வோர், அவை தோன்றியவுடன் கிணற்றடி, அடுப்பு, இயந்திரம் ஆகியவற்றை விட்டு விலகித் தரையில் அமர்வது நன்று. ஓட்டுநர் உரிமத்திற்கான படிவம் 1 இல் வலிப்பு உண்டா என்று கேட்கப்படுகின்றது. அதனை மறைப்பது தமக்கும் பிறர்க்கும் கேடாக முடியும்.

இவற்றையும் பார்க்க

- கால்-கை வலிப்பு
- ஒற்றைத் தலைவலி
- பிடரி மடல்
- நாடாப்புழு
- விழித்திரை