ஆய்தம்: ஒரு சொல்லின் வரலாறு

தமிழ் நெடுங்கணக்கில் உயிரோடும் மெய்யோடும் சேராது தனித்து நிற்பது ஆய்தம். அஃகேனம், தனிநிலை, முப்பாற்புள்ளி என அதற்குப் பெயர்கள் பல. பள்ளிகளில் 'ஆயுத எழுத்து' என்றும் வழங்கி, மூன்று புள்ளிகளைக் கேடயத்திற்கு உவமை கூறுவர். ஆயின் தொல்காப்பிய உரியியல், 'ஆய்தல்' என்பதற்கு உள்ளதன் நுணுக்கம் என்றே பொருள் தருகிறது. நுணுகிய ஒலி என்னும் இப்பொருளே பெயருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

தொல்காப்பியர் இதனைச் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்தார். குற்றெழுத்தை அடுத்து, உயிரோடு கூடிய வல்லெழுத்தின்முன் வருவது அதன் இடம். அரை மாத்திரை அதன் அளவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் சார்பெழுத்தைப் பத்தாக விரித்தார். அதனால் ஆய்தம் அளபெடுத்து ஒரு மாத்திரையாகவும், கஃறீது, முஃடீது என்பவற்றில் குறுகிக் கால் மாத்திரையாகவும் இலக்கணம் பெற்றது.

யாப்பில் இதன் ஆற்றலைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 'அது' என்பது இரண்டு மாத்திரை. 'அஃது' என்பதில் அகரம் ஒன்று, ஆய்தம் அரை, குற்றியலுகரம் அரை. ஆக அதுவும் இரண்டே. எனினும் வெண்பாவின் ஈற்றில் முன்னது 'மலர்', பின்னது 'காசு'. காலம் மாறாமலே ஓசை மாறிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வெழுத்து வேறொரு பணியும் ஏற்றது. பகரத்தின்முன் நின்று 'ஃபாரன்ஹீட்' போன்ற பிறமொழிச் சொற்களின் ஒலியைக் குறித்தது. அங்கே அது ஒலியன்று, அடையாளமே. 1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்போ இதற்குத் 'தமிழ் விசர்க்கக் குறி' என்று பெயரிட்டது. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது அத்தரத்தின் பிற்கால விதியாதலின், அப்பெயர் இன்றும் நிற்கிறது. வடமொழி விசர்க்கம் சொல்லின் ஈற்றிலும் வரும், நெடிலின் பின்னும் வரும். ஆய்தத்திற்கோ அவ்வுரிமை இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

கணிப்பொறியில் பெயர் எதுவாயினும் இருக்கட்டும். 'அஃது' என எழுதும் கவிஞர் அந்த அரை மாத்திரையைச் செவியால் அறிந்து எழுதுவாராயின், ஆய்தம் தன் பொருளை இழக்காது.