சின்ன மிஸியும் பெரிய மிஸியும்



பாலிக் புலாவ் வட்டாரத்தில் சாதிக்காய், கிராம்பு, டுரியான் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களில், பெண்பிள்ளை ஐந்தாம் படிவம் முடித்ததும், "மிஸி வேலைக்குப் படிக்க வைக்கலாமா?" என்ற பேச்சு எழுவதுண்டு. அண்மையில் ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டார்: "வாத்தியாரே, என் மகளுக்குக் கிடைத்திருப்பது சின்ன மிஸி படிப்பாம். இதில் சேர்ந்தால் பிற்பாடு பெரிய மிஸி ஆகலாமா? இல்லை, கடைசிவரை அதே வேலைதானா?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால், தாதிமைத் தொழிலில் சின்னது பெரியது என்ற பிரிவு எப்படி வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1860-ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். நோயாளியைப் பராமரிப்பதும் முறையாகக் கற்க வேண்டிய தொழிலே என்பதை உலகம் மெல்ல ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1919-ஆம் ஆண்டுச் சட்டம் தாதியர் பெயர்களைப் பதிவேட்டில் சேர்க்க வழி செய்தது. ஆனால், முழுப் பயிற்சிக்கு மூன்றாண்டுகள் வேண்டும். மருத்துவமனைகளுக்கோ ஆட்கள் உடனே வேண்டும். இரண்டாம் உலகப் போர் இந்தப் பற்றாக்குறையை இன்னும் கடுமையாக்கியது. ஆதலால், 1943-ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் இயற்றி, உதவித் தாதியருக்கென்று தனிப் பட்டியலைத் திறந்தார்கள். இவர்களுக்குப் பயிற்சி இரண்டாண்டுகள். 1961-ஆம் ஆண்டில் 'உதவி' என்ற சொல்லை நீக்கினார்கள். பெயர் மாறியதே தவிர, படி மாறவில்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1960-களிலும் 1970-களிலும் மலேசியாவிலிருந்து பல இளம்பெண்கள் தாதிமை படிக்கக் கப்பலிலும் விமானத்திலும் பிரிட்டனுக்குச் சென்றார்கள். அவர்களுள் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள். வெளிநாடுகளிலிருந்து சென்றவர்கள் பலரை அங்கே இரண்டாண்டுப் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். அதற்கும் மூன்றாண்டுப் படிப்புக்கும் உள்ள வேற்றுமையைச் சேரும்போது அறியாதவர்கள் அநேகர். அதே வார்டு, அதே இரவு வேலை, அதே நோயாளி. ஆனால் இரண்டாண்டுச் சான்றிதழைப் பல நாடுகளில் முழுத் தாதிமைத் தகுதியாக ஏற்கவில்லை. பதவி உயர்வுக்கும் அது தடையாயிற்று. 1986-ஆம் ஆண்டில் வெளியான 'புராஜெக்ட் 2000' அறிக்கையை அடுத்து, இந்த இரண்டாம் நிலைப் பயிற்சியையே பிரிட்டன் கைவிட்டது. ஏற்கெனவே பணியில் இருந்தவர்கள் மேலே செல்ல மாற்றுப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. நடுவயதில், குடும்பச் சுமையோடு, பலர் மீண்டும் மாணவிகளானார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தோட்ட ஆஸ்பத்திரி என்றதும் நம் பெரியோர் நினைவுக்கு வருபவர் 'டிரஸ்ஸர்'. காய்ச்சல், பாம்புக்கடி, வெட்டுக்காயம் என எல்லாவற்றுக்கும் முதலில் ஓடிவந்தவர் அவரே. 1965-ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் அவருக்குச் சட்டபூர்வமான இடம் தந்தது. ஆயினும், 'தோட்டம்' என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருப்பதைக் கவனியுங்கள். அவர் தொழிலின் எல்லையையும் அது காட்டிவிடுகிறது.

மலாயாவில் தாதியர் சட்டம் 1950-இல் வந்தது. பிறகு பதிவு பெற்ற தாதியரோடு உதவித் தாதியர், சமூகத் தாதியர் என்ற பிரிவினரும் பணியாற்றினார்கள். கிராமத்துத் தாய்மாரையும் குழந்தைகளையும் காத்ததில் கிளினிக் டேசாவின் சமூகத் தாதியருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களுள் தேர்வு பெற்றோர் மீண்டும் பயிற்சி பெற்று மேல்நிலைக்குச் செல்லும் வழியும் அரசுப் பணியில் அமைந்தது. 1990-களின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் மூன்றாண்டுத் தாதிமைப் படிப்பு சான்றிதழிலிருந்து டிப்ளோமாவாக உயர்ந்தது. 1993-இல் மலாயாப் பல்கலைக்கழகம் பதிவு பெற்ற தாதியருக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. பின்னர், வேலையை விடாமலே பட்டம் படிக்கும் வாய்ப்பை மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்படுத்தியது.

தமிழகத்தில் இந்த வாசல் முன்னதாகவே திறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ஆம் ஆண்டிலேயே தாதிமைப் பட்டப்படிப்பு தொடங்கியது. டிப்ளோமா பெற்ற தாதியர் மேலும் இரண்டாண்டு படித்துப் பட்டம் பெறும் வழியும் பின்னர் இந்தியாவில் உண்டாயிற்று.

ஆகவே, அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான்: "முதற்படி சிறியதாக இருப்பதில் குறையில்லை அம்மா. அதற்கு மேல் அடுத்த படி இருக்கிறதா என்று பார்க்காமல் ஏறுவதுதான் ஆபத்து."

சேருமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் மலேசியத் தாதியர் வாரியத்தில் எந்தப் பிரிவில் பதிவு கிடைக்கும்? மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனம் இதனை அங்கீகரித்துள்ளதா? டிப்ளோமாவுக்கோ பட்டத்துக்கோ செல்லும்போது, படித்ததில் எவ்வளவு கழித்துக்கொள்வார்கள்? நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பில் சான்றிதழ் மூன்றாம் நிலை, டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலை. மகள் இன்று எந்த நிலையில் நிற்கிறாள் என்று தெரிந்தால், அடுத்த நிலைக்கு வழி கேட்கலாம். வாய்ச்சொல்லை நம்பாமல், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.

கடல் கடந்து சென்ற அன்றைய பெண்களுக்கு இந்தக் கேள்விகளைச் சொல்லிக்கொடுக்க எவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் இருக்கிறோம்.