விந்தைக் கனி: ஒரு பாட்டின் வரலாறு

கேட்டு மகிழ்வதற்கே பாட்டு என்பது நம்மிற் பலருடைய எண்ணம். காதலையும் நிலவையும் பாடும் பாடல்களே எந்நாட்டிலும் மிகுதி. ஆயினும், கேட்டவர் கைதட்டவும் மறந்து வாய்மூடியிருக்குமாறு செய்த பாடலும் உண்டு. 'விந்தைக் கனி' என்று பொருள்படும் 'ஸ்டிரேஞ்சு புரூட்' என்னும் அமெரிக்கப் பாடலே அது. அதன் வரலாற்றை மாணவர்கள் அறிதல் நன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1865ஆம் ஆண்டு அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. சட்டம் மாறிற்று, மனம் மாறவில்லை. கறுப்பின மக்களை விசாரணையின்றிக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமை தொடர்ந்தது. 1882 முதல் 1968 வரை இவ்வாறு மாண்டவர் 4,743 பேர் என்றும், அவருள் 3,446 பேர் கறுப்பினத்தார் என்றும் டஸ்கீகி கல்வி நிலையத்தின் கணக்குக் கூறுகிறது.

1930ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 7ஆம் நாள், இந்தியானா மாநிலத்து மேரியன் நகரில் தாமஸ் ஷிப், ஏபிராம் ஸ்மித் என்னும் இளைஞர் இருவரைச் சிறையினின்றும் இழுத்து வந்து மரத்தில் தூக்கிலிட்டனர். அம்மரத்தடியில் நின்றோர் சிலர் முறுவலிக்கும் புகைப்படமும் விலைக்கு விற்றது. அத்தகைய படம் ஒன்றைக் கண்டு உறக்கமிழந்தவர் ஏபெல் மீரோபோல். நியூயார்க் நகரப் பள்ளி ஆசிரியர், யூத இனத்தவர். தொங்கிய உடல்களைக் கனியாக உருவகித்துப் பன்னிரண்டே அடிகளில் அவர் ஒரு கவிதை புனைந்தார். கொலை என்ற சொல் அதில் இல்லை. கொலையின் கோரமோ அடிதோறும் உண்டு. 1937இல் ஆசிரியர் சங்க இதழில் அது வெளிவந்தது. பின்னர் அவரே அதற்கு இசையும் அமைத்தார்.

1939ஆம் ஆண்டு தொடக்கத்தில் பில்லி ஹாலிடே என்னும் கறுப்பினப் பாடகி அதனை மேடையேற்றினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. வெள்ளையரும் கறுப்பரும் ஒருங்கே அமர இடந்தந்த 'கபே சொசைட்டி' என்னும் நியூயார்க் அரங்கு அது. இறுதிப் பாடலாக அதைப் பாடும்போது உணவு பரிமாறுவோர் பணி நிறுத்துவர், விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தில் மட்டும் ஓர் ஒளி படியும். பாடி முடித்தபின், எவர் வேண்டினும் அவர் மீண்டும் பாடுவதில்லை.

அவருடைய இசைத்தட்டுகளை வெளியிட்டு வந்த பெரிய நிறுவனம் இப்பாடலைப் பதிவு செய்ய அஞ்சியது. கமடோர் என்னும் சிறு நிறுவனம் ஏப்ரல் 20ஆம் நாள் பதிவு செய்தது. வானொலி நிலையங்கள் பல அதனை ஒலிபரப்ப மறுத்தன. 1959இல் தம் நாற்பத்து நான்காம் வயதில் மறையும் வரை பில்லி ஹாலிடே அதைப் பாடிவந்தார். 1999இல் 'டைம்' இதழ் அதனையே நூற்றாண்டின் பாடல் எனத் தேர்ந்தது.

பாட்டு ஒன்றினால் கொடுமை ஒழிந்துவிடுமா? ஒழியவில்லை. அக்கொலையை மத்திய அரசின் சட்டத்தால் தனிக் குற்றமாக்க முயன்ற மசோதாக்கள் பல முறை செனட் சபையில் தடைப்பட்டன. 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் அச்சட்டம் நிறைவேறியது. பாடல் பதிவானதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே எண்பத்து மூன்று ஆண்டுகள்! அதுகாறும் ஒரு நாடு தன் பழியை மறந்துவிடாதபடி காத்தவற்றுள் அப்பன்னிரண்டு அடிகளும் உண்டு. இனிமையால் மட்டுமன்றி, உண்மையாலும் ஒரு பாட்டு உயர்ந்து நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.