‘புரொக்யூரிங்’: கடையில் ஓர் அர்த்தம், நீதிமன்றத்தில் வேறு அர்த்தம்

லிட்டில் இந்தியாவில் உணவகம் நடத்துபவர் தேக்கா சந்தையில் காய்கறி வாங்குகிறார். அரசாங்க அமைப்பு ஒன்று ஏலக்குத்தகை மூலம் கணினிகள் வாங்குகிறது. பெண்ணைப் பாலியல் தொழிலுக்கு ஏற்பாடு செய்ததாக ஒருவர்மீது குற்றஞ்சாட்டப்படுகிறது.

மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘புரொக்யூர்’ என்றே சொல்லலாம். எப்படி?

மூலம் என்ன?

இது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். இன்னொருவருக்காக ஒரு வேலையைக் கவனித்துக்கொள்வது என்று பொருள். அலுவலகக் கடிதங்களில் கையெழுத்துக்கு முன் ‘பி.பி.’ என்று பார்த்திருப்பீர்களே? அதுவும் இதே வேர்தான். மற்றவர் சார்பில் கையெழுத்திடுவதை அது குறிக்கிறது.

கொள்முதல்

வர்த்தகத்தில் இதன் பொருள் பொருளையோ சேவையையோ பெறுவது. சிங்கப்பூர் அரசாங்கக் கொள்முதல் அறிவிப்புகள் ‘ஜீபிஸ்’ இணையவாசலில் வெளிவரும்.

ஒப்பந்தத்தை மீற வைப்பது

ஒருவர் தம் ஒப்பந்தத்தை மீறும்படி தெரிந்தே தூண்டினால், தூண்டியவர்மீது வழக்குத் தொடுக்கலாம். 1853இல் லண்டனில் ஓர் இசை நாடகப் பாடகியைப் போட்டி அரங்கம் இழுக்க முயன்ற வழக்கில் இந்தக் கொள்கை வலுப்பெற்றது.

குற்றமாகும்போது

1961இல் நடப்புக்கு வந்த மாதர் சாசனத்தின் 140ஆவது பிரிவு, பெண்ணைப் பாலியல் தொழிலுக்காக ஏற்பாடு செய்வதைக் குற்றமாக்குகிறது. முதல்முறை குற்றம் புரிந்தால் 7 ஆண்டுவரை சிறை, 100,000 வெள்ளிவரை அபராதம்.

“அந்தப் பொண்ணு விரும்பித்தானே வந்தா, நான் சும்மா அறிமுகம்தான் செஞ்சேன்” என்று சொன்னால் தப்பிக்க முடியுமா? முடியாது. பெண்கள் தாங்களாகவே வந்த ஒரு வழக்கிலும் 2014இல் உயர் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. வற்புறுத்தலோ ஏமாற்றோ இருந்தால் தண்டனை இன்னும் கடுமையாகும் என்றும் அது தெளிவுபடுத்தியது.

ஆள்கடத்தல் வேறா?

வேறு. அதற்குத் தனிச் சட்டம் 2015 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. பயன்படுத்திச் சுரண்டும் நோக்கில் ஆள் சேர்ப்பது, இடம் மாற்றுவது, அடைத்து வைப்பது போன்றவை அதில் அடங்கும். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதம் அங்கும் எடுபடாது.

பங்ளாதேஷ் பெண்களைக் கேளிக்கைக் கூடத்தில் நடனமாட வைத்துச் சுரண்டிய தம்பதி 2019 நவம்பரில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வேலைக்காக ஆள் கடத்தியதற்கு சிங்கப்பூரில் கிடைத்த முதல் தீர்ப்பு அது. 2020 பிப்ரவரியில் இருவருக்கும் 5 ஆண்டு 6 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

தெரிந்தவர் யாராவது “ஊர்லேர்ந்து ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வா, கமிஷன் தர்றேன்” என்று கேட்டால், என்ன வேலை, யார் முதலாளி, சம்பளம் யார் கையில் போகும் என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். யாராவது ஆபத்தில் இருப்பது தெரிந்தால் 999. அவசரமில்லாத தகவலுக்குக் காவல்துறை எண் 1800-255-0000.