வராத அணிகளின் கணக்கு: இந்தியக் கால்பந்தின் ‘பொற்காலம்’ குறித்து

1950 உலகக் கோப்பைக்கு இந்திய அணி போகாததற்கு வெறுங்கால்தான் காரணம் என்ற கதை கொல்கத்தாவிலும் உண்டு, சிவகாசி டீக்கடையிலும் உண்டு. 1951 ஆசிய விளையாட்டில் தலைமை வகித்த சைலேன் மன்னா பிற்காலத்தில் அதை மறுத்தார். அன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாமாக இருந்தது என்றார். இந்த விவாதம் இன்னொரு கேள்வியை மறைத்துவிடுகிறது. இந்தியாவுக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது? பர்மாவும் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் விலகிக்கொண்டன. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் இந்தியா தகுதி பெற்றது.

1951 முதல் 1964 வரையான காலத்தைப் பொற்காலம் என்பது வழக்கம். வந்த அணிகளோடு வராத அணிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தப் பெயரின் எடை தெரியும் என்பது என் வாதம். இந்தியா தங்கம் வென்ற 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஆறே அணிகள். கொரியாவோ போரில் சிக்கியிருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் முதல் சுற்றில் எதிர்த்திருக்க வேண்டிய ஹங்கேரி விலகியதால் இந்தியா நேரே காலிறுதிக்குப் போனது. அங்கே நெவில் டிசோசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. இறுதியில் நான்காம் இடம். 1964 ஆசியக் கோப்பைக்கும் தகுதிச் சுற்று எதிரணிகள் விலகியதால்தான் இடம் கிடைத்தது.

அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டமா? அல்ல. விலகல் வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே ஆடித்தான் ஆக வேண்டும். 1966 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்க நாடுகளின் புறக்கணிப்பும் தென் கொரியாவின் விலகலும் வட கொரியாவின் பாதையைச் சுருக்கின. ஆனால் இத்தாலியை 1-0 என வீழ்த்தியது பாக் டூ-இக்கின் கால்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இன்னும் சிக்கலானது. முந்தைய இரு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கம் வென்ற தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் இந்தோனேசியா இடம் தரவில்லை. அதைக் கண்டித்தவர் ஓர் இந்தியர், ஜி.டி. சோந்தி. விளைவாக, இறுதி ஆட்டத்தில் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. வராதவர்களுக்காகப் பேசிய நாட்டுக்கே அவர்கள் வராததால் லாபம்! ஆனாலும் எதிரே நின்றது 1956, 1960 ஆசியக் கோப்பைகளை வென்ற தென் கொரியா. முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 எனத் தோற்கடித்த அணி. இறுதியில் பி.கே. பானர்ஜியும், தலையில் தையலோடு முன்வரிசைக்கு வந்த ஜர்னைல் சிங்கும் கோல் போட, இந்தியா 2-1 என வென்றது. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்த அந்தத் தமிழரை வளர்த்தது மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்ற ராணுவ அணி அது. ஆகவே ஜகார்த்தா வெற்றி எந்தக் கணக்கிலும் தேறும். டெல்லித் தங்கத்தை அதே தராசில் வைக்க நான் தயங்குவேன்.

இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் 1963இல் மறைந்ததும் சரிவு தொடங்கியது என்பார்கள். அவரது இழப்பு பெரிதுதான். ஆனால் அதற்கு அடுத்த ஆண்டே இந்தியா ஆசியக் கோப்பையில் தென் கொரியாவை 2-0 என வென்று இரண்டாமிடம் பெற்றது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலமும் கிடைத்தது. அதன் பிறகு நடந்ததை இந்தியாவின் சரிவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. முன்பு வராமல் இருந்த அணிகள் வரத் தொடங்கின, வந்தவை தொழில்முறை லீக்குகளைக் கட்டின. ஜப்பானின் ஜே லீக் 1993இல் தொடங்கியது. இந்தியாவோ உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முதன்முதலாக ஆடியதே 1985இல்தான். அதுவரையிலான உலகக் கோப்பைக் கணக்கில், வராத அணிகளின் பட்டியலில் இருந்தது இந்தியாவே.