எவரெஸ்ட் மூர்த்தி வழக்கு: இறுதிச் சடங்கு ஏன் நீதிமன்றம் வரை போனது?

1997-இல் மலேசியாவின் எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்ற ராணுவ வீரர் எம். மூர்த்தி, 2005 டிசம்பர் 20 அன்று கோலாலம்பூரில் காலமானார். இந்து முறைப்படி இறுதிச் சடங்கு செய்ய மனைவி விரும்பினார். ஆனால், மூர்த்தி இஸ்லாத்தைத் தழுவியவர் என இரண்டே நாளில் ஷரியா உயர் நீதிமன்றம் அறிவித்தது. குடும்பம் அதை ஏற்கவில்லை.

அங்கேயே வாதாடியிருக்கலாமே?
முடியாது. ஷரியா நீதிமன்ற அதிகாரம் முஸ்லிம்களுக்கு மட்டும்தான். மனைவி இந்து.

அப்போ சிவில் நீதிமன்றம்?
ஷரியா நீதிமன்ற விவகாரங்களில் சிவில் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 121(1ஏ) பிரிவு. 1988-இல் சேர்க்கப்பட்டது. அதைக் காட்டியே டிசம்பர் 28-இல் உயர் நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது.

அன்றே மூர்த்தி இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார். கணவரை இழந்த மனைவி தன் தரப்பைச் சொல்ல, நாட்டில் ஒரு நீதிமன்றம்கூட இல்லாமல் போனது. இன்றும் இந்த வழக்கு பேசப்படுவது அதனால்தான்.